கப்பல் ஏறிப் போன பாட்டனாரைக் காகிதத்தில் கண்டுபிடிப்பது எப்படி

"நம்ம பாட்டனுக்குப் பாட்டன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறிப் போனவராம்" என்று வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் அதை வெறும் கதை என்று விட்டுவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஏதோ ஒரு கிராமத்தில் நிலம் இல்லாமல் கூலி வேலை செய்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே இறந்துபோன ஒருவரைப் பற்றி அரசாங்கம் பெயர் சொல்லி ஒரு வரி எழுதி வைத்திருப்பதே அபூர்வம். அதே மனிதர் மதராஸ் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாக, அதாவது இத்தனை வருஷம் தோட்டத்தில் வேலை செய்வதாக ஒப்புக்கொண்டு, கப்பல் ஏறியிருந்தால், அவர் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் இருந்த தழும்பு வரைக்கும் எழுதியிருப்பார்கள். தோட்டத்தை விட்டு ஓடினால் அடையாளம் காட்டிப் பிடிக்க வேண்டும் என்பதற்காக எழுதிய காகிதம் அது. படிக்கும்போது மனசு கனக்கும். ஆனால் நமக்கு இருக்கிற ஒரே பிடி அதுதான்.

என் பாட்டியின் தாத்தா இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்குப் போனவர். அவரைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது. எதை முதலில் செய்ய வேண்டும், எதை நம்பக் கூடாது என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால் பாதி காலம் மிச்சமாகியிருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் வீடு

ஆவணக் காப்பகத்துக்கு எழுதுவதற்கு முன்னால் வீட்டில் உயிரோடு இருக்கிற வயதானவர்களிடம் உட்காருங்கள். இதைத் தள்ளிப் போடவே போடாதீர்கள். அவர்களிடம் "அவர் எந்த வருஷம் போனார்?" என்று கேட்டால் பதில் வராது. "அவர் போகும்போது ஊரில் என்ன நடந்தது? யாரோடு போனார்? யாரை விட்டுவிட்டுப் போனார்?" என்று கேட்டால் வரும். எங்கள் பாட்டி சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "தாது வருஷப் பஞ்சத்துல சோத்துக்கு வழியில்லாமப் போனாரு." அது போதும். தாது வருஷம் என்பது 1876 ஏப்ரலில் தொடங்கியது, அந்தப் பஞ்சம் 1878 வரை நீடித்தது. அறுபது வருஷச் சுழற்சியில் பிரபவ 1867இல் வந்தது, அதிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் வீட்டுப் பேச்சில் வரும் எந்தத் தமிழ் வருஷத்தையும் ஆங்கில வருஷமாக்கிவிடலாம். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால் எந்தச் சுற்று என்பதை மட்டும் தலைமுறையை வைத்துச் சரிபாருங்கள். நிலப் பத்திரங்களில் பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) என்று இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1300 என்பது 1890 ஜூலையில் தொடங்கிய வருஷம். தெற்குச் சீமையில் கொல்லம் ஆண்டு போட்டிருந்தால் ஏறக்குறைய 825.

அப்புறம், குலதெய்வம் எது, எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். கடல் தாண்டிப் போன குடும்பங்கள் பல மொழியை மறந்தும் குலதெய்வத்தின் பெயரை மறக்காமல் வைத்திருக்கின்றன. ஊர்ப் பெயர் தெரியாத இடத்தில் சாமி பெயர்தான் வழி காட்டும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், அதாவது தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். பழைய குடும்பங்களில் மூத்த பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். அதனால் கப்பல் ஏறியவருடைய மூத்த மகன் பெயர் தெரிந்தால், ஏறியவருடைய அப்பா பெயர் என்னவாக இருக்கும் என்று ஓர் ஊகம் கிடைத்துவிடுகிறது. இது ஆதாரம் ஆகாது. ஆனால் ஒரே பெயரில் நாற்பது பேர் வந்து நிற்கும்போது யாரை முதலில் பார்ப்பது என்று இது சொல்லும்.

பழைய காகிதம் எதுவாக இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள், முன்பக்கம் மட்டும் போதாது, பின்பக்கமும். நீங்கள் தேடுவது முக்கியமாக ஓர் எண்ணை; அது என்ன எண் என்று கீழே சொல்கிறேன்.

கதைக்கும் கப்பலுக்கும் பொருந்துகிறதா

எந்த நாட்டுக்குப் போனார் என்பதும் எந்தக் காலம் என்பதும் ஒன்றோடொன்று ஒத்துவர வேண்டும், ஏனென்றால் எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்திலும் மதராஸிலிருந்து ஆள் போகவில்லை. பிரிட்டிஷ் பேரரசில் 1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததும் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது, மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகள் அந்த வருஷமே போக ஆரம்பித்தார்கள். நேட்டாலுக்கு முதல் கப்பலான 'ட்ரூரோ' மதராஸிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. நேட்டாலுக்கு 1866இலிருந்து 1874 வரை ஆள் அனுப்புவது நின்றிருந்தது; அதனால் "1870இல் நேட்டால் போனார்" என்று வீட்டில் சொன்னால் வருஷமோ நாடோ தப்பு. ஃபிஜிக்கு முதல் கப்பல் 1879இல் போனாலும் அது கல்கத்தாவிலிருந்து போனது. மதராஸிலிருந்து ஃபிஜிக்குப் போனது 1903இலிருந்துதான். சுரினாமுக்குப் போன கப்பல்களும் கல்கத்தாக் கப்பல்களே. மார்ட்டினிக்குக்கு 1853இலும் குவாதலூப்புக்கு 1854இலும் ஆட்கள் போனார்கள்; பிரெஞ்சுத் தீவுகளுக்குப் புதுச்சேரியும் காரைக்காலும் முக்கியமான துறைமுகங்கள். இந்த ஒரு சல்லடையில் சலித்தாலே தவறான நாட்டில் தேடி அலைவது குறையும்.

ஒரு வரியைப் படிப்பது

நேட்டால் கப்பல் பட்டியலைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும், அதையே எடுத்துக்கொள்கிறேன். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் ஏறக்குறைய 1,52,000 பேர். அவர்களில் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்குக் கூட, வந்து இறங்கிய வரிசைப்படி ஓர் எண் கொடுத்தார்கள். காலனி எண் என்று அதற்குப் பெயர். ஒன்றிலிருந்து ஆரம்பித்துக் கடைசி வரை தொடர்ச்சியாகப் போகிற எண் என்பதால், எண்ணைப் பார்த்தாலே ஏறக்குறைய எந்தக் காலத்தில் வந்தவர் என்று சொல்லிவிடலாம். 1866 வரை வந்தவர்கள் சுமார் 6,400 பேர்தான், ஆகவே அதற்குள் இருக்கிற எண் என்றால் முதல் கட்டத்தில் வந்தவர், அதைத் தாண்டினால் 1874இலோ அதற்குப் பிறகோ வந்தவர்.

பட்டியலில் ஒரு வரி எப்படி இருக்கும் என்றால், நான் ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன்: எண், மூன்சாமி, அப்பா பெயர் வீரன், வயது 25, ஆண், சாதி, உயரம் ஐந்தடி மூன்றங்குலம், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு, ஜில்லா வட ஆர்க்காடு, தாலுகா வாண்டிவாஷ், கிராமம், எந்தத் தோட்டத்துக்கு ஒதுக்கப்பட்டார், குறிப்பு. இதில் வாண்டிவாஷ் என்பது நம் வந்தவாசி. வயது 25 என்பதை 22இலிருந்து 29 வரை எதுவாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், முழுமையான எண்ணாகத்தான் சொல்வார்கள், எழுதுபவரும் பார்த்து மதிப்பிட்டுப் போடுவார். சாதிக் கட்டத்தை அளவுக்கு மேல் நம்பாதீர்கள். சொல்பவர் மாற்றிச் சொன்னதும் உண்டு, எழுதியவர் தனக்குப் புரிந்ததை எழுதியதும் உண்டு. கடைசியில் இருக்கிற குறிப்புக் கட்டம்தான் பொன். இறந்தார், இந்தியா திரும்பினார், இன்னாருடைய மனைவி என்று அங்கேதான் இருக்கும்.

உங்கள் ஆளின் வரி கிடைத்துவிட்டால் அதோடு நின்றுவிடாமல் அதற்கு மேலே பத்துப் பேர், கீழே பத்துப் பேர் யார் என்று பாருங்கள். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து கிளம்பியவர்கள், கப்பல் ஏறும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் ஒன்றாகவே நின்றிருப்பார்கள், அடுத்தடுத்த எண் வாங்கியிருப்பார்கள். அண்ணன் தம்பி, மனைவி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் அந்த இருபது வரிக்குள் இருக்கலாம். உங்கள் ஆளுக்கு ஊர்ப் பெயர் படிக்க முடியாமல் கிறுக்கலாக இருந்தால், கூட வந்தவர் வரியில் அதே ஊர் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். எனக்கு ஊர்ப் பெயர் அப்படித்தான் கிடைத்தது, இரண்டு எண் தள்ளி நின்ற ஒரு பெண்ணின் வரியிலிருந்து.

பெயரை நம்பி எட்டு மாதம்

பெயர்தான் இருப்பதிலேயே பலவீனமான ஆதாரம், இதை அழுத்திச் சொல்கிறேன். தேடுகிற எல்லாரும் பெயரில் ஆரம்பிக்கிறோம், பெயரில்தான் வழி தவறுகிறோம். பஞ்சக் காலத்தில் வட ஆர்க்காட்டிலிருந்து போன முனுசாமிகள் எத்தனை பேர்! வயது பொருந்துகிறது, ஜில்லா பொருந்துகிறது என்று ஒரு முனுசாமியைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் அவர் பின்னால் போனேன். அவர் வேலை செய்த தோட்டம், அவர் பிள்ளைகள், எல்லாம் எழுதி வைத்தேன், பாட்டியிடமும் சொல்லிவிட்டேன். அப்புறம் பார்த்தால் குறிப்புக் கட்டத்தில் அவர் 1880களில் மதராஸ் திரும்பியதாக இருந்தது. எங்கள் பாட்டனார் திரும்பவே இல்லை. முதல் நாளே அந்தக் கடைசிக் கட்டத்தைப் படித்திருந்தால் இது நடந்திருக்காது. பாட்டியிடம் போய், அது அவர் இல்லை என்று சொன்ன நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பெயர் போக, தொடர்பில்லாத இரண்டு விவரங்களாவது பொருந்த வேண்டும். அப்பா பெயர், ஊர், கூடப் போனவர், தோட்டம், எண், இவற்றில் ஏதாவது இரண்டு. ஒன்று மட்டும் பொருந்தினால் "இருக்கலாம்" என்று பென்சிலில் எழுதி வையுங்கள்.

எழுத்துக்கூட்டலும் படுத்தும். தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். முனுசாமி மூன்சாமி ஆகும், ராமசாமி ராம்சாமி ஆகும், ஆறுமுகம் ஆர்மூகம் ஆகும். தென்னாப்பிரிக்காவில் முதலியார் மூட்லி ஆகிவிட்டது, கவுண்டர் கவெண்டர் ஆகிவிட்டது. பிரெஞ்சுத் தீவுகளில் முத்துசாமி மூட்டூசாமி. முறையான ஆங்கில எழுத்தில் தேடாமல், வாய்விட்டு உச்சரித்துப் பார்த்து அந்த ஒலிக்கு எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு தேடுங்கள். க-வும் ச-வும் ட-வும் ப-வும் இரண்டு இரண்டு எழுத்தாக மாறும். முதல் எழுத்தே மாறியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எல்லப்பன் யெல்லப்பன் என்று வேறொரு எழுத்தின் கீழ் உட்கார்ந்திருப்பார். இன்னொரு தொல்லை, நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் சொந்தப் பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிடும். அண்ணனின் பிள்ளைகள் ஒரு குடும்பப் பெயரிலும் தம்பியின் பிள்ளைகள் வேறொரு பெயரிலும் இருப்பார்கள், ரத்த உறவு என்று பெயரைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

'மலபார்' என்று எழுதியிருந்தால் கேரளத்துக்கு ஓடாதீர்கள். மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் இலங்கையிலும் அந்தக் காலத்தில் தமிழர்களை அப்படித்தான் எழுதினார்கள். பிறந்த இடம் 'மதராஸ்' என்று மட்டும் இருந்தாலும் நகரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ராஜதானி முழுக்க மதராஸ்தான், விசாகப்பட்டினம், கோதாவரி ஜில்லாக்காரர்களும் அதற்குள் வருவார்கள்.

எங்கே எழுதிக் கேட்பது

நேட்டால் என்றால் கப்பல் பட்டியல்களின் கணினிப் பிரதி குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தில் இருக்கிறது. அதற்கு அடுத்த கட்ட ஆவணங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில்: குடியேறிகளின் பாதுகாவலர் (ஒப்பந்தக் கூலிகளின் விவகாரங்களைக் கவனித்த அரசு அதிகாரி) அலுவலகக் கடிதங்கள், திருமணப் பதிவு, இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள். அந்தச் சொத்துக் கோப்பில் இறப்பு அறிவிப்பு என்று ஒரு தாள் இருக்கும், இறந்தவருடைய பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயர் எல்லாம் அதில் வரும். தலைமுறைகளை இணைக்க அதைவிட நல்ல தாள் கிடையாது. சொந்தச் செலவில் கப்பல் ஏறிய வியாபாரிகள் இந்த எண் வரிசையில் வரமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேடும் திசை எப்போதும் இன்றிலிருந்து பின்னோக்கி. உங்கள் பிறப்புச் சான்று, அப்பாவுடையது, தாத்தாவுடையது என்று ஒவ்வொரு படியாக இறங்குங்கள். தாத்தாவின் காகிதத்தில் பெற்றோரின் காலனி எண் குறிக்கப்பட்டிருந்தால் அதை வைத்து நேரே கப்பலுக்குப் போய்விடலாம், பெயர்க் குழப்பமே வராது.

மொரீஷியஸுக்கு மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனம். ஏறக்குறைய நான்கரை லட்சம் பேரின் பதிவுகள் சேர்ந்த இடம் அது. 1860களிலிருந்து எடுத்த புகைப்படங்களும் உண்டு, ஏனென்றால் 1867 சட்டப்படி ஒப்பந்தம் முடிந்தவர்கள் படம் ஒட்டிய சீட்டு வைத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் முப்பாட்டனின் முகத்தையே பார்க்க வாய்ப்பிருக்கிறது! வம்சாவளியைக் காட்டும் பிறப்பு, திருமணச் சான்றுகளை வரிசையாகச் சேர்த்துக்கொண்டு அணுகுங்கள்.

ரீயூனியன், மார்ட்டினிக், குவாதலூப் என்றால் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் இருக்கும் கடல்கடந்த பிரதேசங்களுக்கான தேசிய ஆவணக் காப்பகம். 19ஆம் நூற்றாண்டுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை இணையத்தில் இலவசமாகவே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், புதுச்சேரி, காரைக்கால் பதிவுகளும் அதே தளத்தில் இருக்கின்றன. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே வாசகம்தான் திரும்பத் திரும்ப வரும், பத்துப் பதிவு படித்தால் பழகிவிடும். புதுச்சேரிக் குடும்பங்களில் ஒரு சிக்கல் உண்டு: 1881 செப்டம்பர் ஆணைப்படி சொந்தச் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் குடும்பம் அப்படிப்பட்டதாக இருந்தால் அந்தப் பெயரை எடுப்பதற்கு முந்தைய காலத்தில் வேறு பெயரில் தேட வேண்டும்.

இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கும் மலாயாவுக்கும் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேற்பார்த்தவர்) மூலம் போனவர்களைத் தேடுவது கடினம், இதை மறைக்க விரும்பவில்லை. மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே மாத்தளைக்குப் போனவர்களை யாரும் நேட்டால் மாதிரி தலைக்குத் தலை உயரம் அளந்து எழுதவில்லை. அங்கே தோட்டத்தின் பெயரும் கங்காணியின் பெயரும்தான் திறவுகோல், ஏனென்றால் கங்காணி பெரும்பாலும் சொந்த ஊரிலிருந்தும் சொந்தக்காரர்களிலிருந்தும்தான் ஆள் சேர்த்தார். கங்காணியின் ஊர் தெரிந்தால் உங்கள் ஊர் அதற்குப் பக்கத்தில்தான். இலங்கைக் குடும்பமாக இருந்தால் 1949 சட்டப்படி போட்ட பிரஜாவுரிமை விண்ணப்பம், இந்தியாவும் இலங்கையும் குடியுரிமை பற்றிச் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் வாங்கிய காகிதங்கள் ஆகியவற்றைப் பெட்டியிலிருந்து தேடி எடுங்கள். பூர்வீக ஊர் பற்றிய விவரம் பெரும்பாலும் அவற்றில்தான் தங்கியிருக்கும்.

ஊர்ப் பக்கம்

ஊர்ப் பெயர் கையில் வந்தாயிற்று. இனி அது இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சினாப்பள்ளி என்ற பழைய ஜில்லாக்கள் உடைந்து உடைந்து இன்றைய மாவட்டங்கள் ஆகியிருக்கின்றன. வட ஆர்க்காட்டின் வந்தவாசியும் போளூரும் இன்று திருவண்ணாமலை மாவட்டம். தாலுகாவைப் பிடித்துவிட்டு, அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலை வைத்துக்கொண்டு, கப்பல் பட்டியலில் இருக்கும் கிறுக்கலை ஒவ்வொரு பெயரோடும் ஒலித்துப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர் இருக்கும், கீழ், மேல், சின்ன, பெரிய என்று முன்னொட்டு கப்பல் பட்டியலில் விடுபட்டிருக்கும். அங்கே குலதெய்வக் கோயில் எந்த ஊருக்குப் பக்கம் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஊரில் எழுத்து ஆவணம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். மதராஸ் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1899இல். 1871, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் எண்ணிக்கைதான் மிஞ்சியது, வீட்டுவாரிப் பெயர்கள் கிடைக்காது. நிலம் இருந்த குடும்பம் என்றால் நிலவரி நிர்ணயித்த செட்டில்மெண்ட் பதிவேடு, வரி இல்லாமலோ குறைந்த வரியிலோ கொடுத்த இனாம் நிலம் என்றால் 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகள், இவற்றை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அனுமதி வாங்கிப் பார்க்கலாம். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கொஞ்சம் வசதி, கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். கத்தோலிக்கப் பதிவுகள் லத்தீனில் இருக்கலாம்; வீட்டில் இராயப்பன் என்று அழைத்தவர் அங்கே பேதுருவாகவும், சின்னப்பன் பவுலாகவும், அருளப்பன் யோவானாகவும், சூசை யோசேப்பாகவும் இருப்பார்கள். இது தெரியாமல் நல்ல பதிவுகளைத் தாண்டிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மரபணுப் பரிசோதனை பற்றியும் கேட்பார்கள். காகிதம் ஏற்கெனவே ஒரு திசை காட்டியிருந்தால் உறுதிப்படுத்த உதவும். ஆனால் மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே கட்டிக்கொண்ட நம் குடும்பங்களில் தூரத்து உறவும் நெருங்கிய உறவு போலக் காட்டும், அதை மட்டும் வைத்து மரம் வரைய வேண்டாம்.

கடைசியில் ஊருக்கு நேரில் போவீர்கள். போகும்போது கப்பல் பட்டியலின் அச்சுப் பிரதி இரண்டு எடுத்துப் போங்கள். யாரிடமும் நிலத்தைப் பற்றி, பழைய வீடு எது என்பதைப் பற்றி முதலில் கேட்காதீர்கள், பங்கு கேட்டு வந்திருக்கிறார்கள் என்ற பயம் உடனே வந்துவிடும், பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கோயிலுக்குப் போங்கள், பூசாரியிடம் சாமி பெயர் சொல்லி, எங்கள் பாட்டனார் இந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று சொல்லுங்கள். ஊரிலேயே வயதான ஆளை அவரே கூப்பிட்டு அனுப்புவார். நான் போனபோது வந்தவர் ஒரு மூதாட்டி. பட்டியலை நான் தமிழில் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டே இருந்தவர், அப்பா பெயர் வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார், "அந்தப் பேரு எங்க வீட்டுல இருக்கே" என்று தன் பேரனைக் கூப்பிட்டார். ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.